பூல் ஆட்டம்: தொடுபுள்ளியைக் குறிவைக்கச் சொல்வது தவறு

இலக்குப் பந்தில் குழிக்கு நேர் எதிர்ப்புறமுள்ள தொடுபுள்ளியை நோக்கி வெள்ளைப் பந்தை அடித்தாலே போதும் என்று பூல் (மேசையில் கோலால் பந்தடித்துக் குழிகளில் வீழ்த்தும் ஆட்டம்) பழகுவோரிடையே ஓர் அறிவுரை பரவி வருகிறது. நேர் அடியைத் தவிர வேறெதற்கும் இது பொருந்தாது. 57.15 மி.மீ. விட்டமுள்ள வெள்ளைப் பந்தின் மையம் அந்தப் புள்ளியை எட்டுமுன்பே அதன் விளிம்பு மோதிவிடுவதால், 30 டிகிரி வெட்ட, அதாவது பக்கவாட்டில் திருப்ப, வேண்டிய பந்து ஏறத்தாழ 14.5 டிகிரிதான் விலகும். இதை அறியாமல் புதியவர்கள் தம் கையைக் குறைசொல்லிக்கொள்வது வருத்தமளிக்கிறது. குறி, குழியிலிருந்து வரும் கோட்டின் நீட்சியில், தொடுபுள்ளிக்கு ஓர் ஆரம், அதாவது சுமார் 28.6 மி.மீ., பின்னால் இருக்க வேண்டும். அக்கோட்டில் இன்னொரு பந்தை இலக்குப் பந்தோடு ஒட்டிவைத்து, அதன் மையத்துக்கு நேர்கீழே மேசைத் துணியில் சாக் கட்டியால் மெல்லப் புள்ளியிட்டு, பந்தை எடுத்துவிட்டு அப்புள்ளியை நோக்கி அடித்துப் பழகலாம். மெதுவான அடிகளில் பந்துகளிடையிலான உராய்வு இலக்குப் பந்தை வெள்ளைப் பந்து செல்லும் திசையில் சற்றே இழுக்குமாதலால், மயிரிழை கூடுதலாக வெட்ட வேண்டியிருக்கும்.