ரத்தம் பட்ட சட்டைக்கு மளிகைக்கடை கவர் ஆகாதுங்க

தோட்டத்துச் சாளையில் ஒரு கொலைன்னு சேதி வந்தா அரை மணி நேரத்தில் ஊரே வாசலில் நிற்கும். எல்லார் கண்ணும் மோப்ப நாய் எந்தப் பக்கம் ஓடுதுங்கறதில்தான். ரத்தம் பட்ட சட்டையை எதில் போட்டுக் கட்டறாங்கன்னு யாரும் பார்க்கறதில்லை. வழக்கு தோற்பது பெரும்பாலும் அங்கேதான் என்பது என் கட்சி.

ஈரத்தோட பாலித்தீன் கவரில் போட்டா உள்ளே வேர்த்துப் போகும். சித்திரை வெயிலில் ஜீப்புக்குள்ள ஒரு பகல் கிடந்தாப் போதும், பூஞ்சையும் பாக்டீரியாவும் டிஎன்ஏவைச் சிதைச்சிடும். நிழலில், சுத்தமான வெள்ளைத்தாள் மேல, தானா காய விடணும். ஃபேனைத் திருப்பி வைக்கக் கூடாது, ஒட்டியிருக்கும் முடி பறந்துடும். காய்ஞ்சதும் கறை மேல கறை படாம நடுவில் தாள் வெச்சு மடிச்சுக் காகித உறையில் போடணும். விரிச்ச தாளையும் மடிச்சுத் தனி உறையில் அனுப்பணும், உதிர்ந்த நூலும் முடியும் அதில்தான் கிடக்கும்.

ஒரு பொருளுக்கு ஒரு உறை. செத்தவர் வேட்டியும் பிடிபட்டவர் சட்டையும் ஒரே பையில் போச்சுன்னா, "வேட்டியிலிருந்து ஒட்டியிருக்கும்"னு எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் முடிச்சிடுவார். கொடுவாளை அட்டையில் நூல் கோத்துக் கட்டணும். பிடியை யாரும் தொடக் கூடாது, வேர்வை இருப்பது அங்கே.

சிமெண்ட் தரையில் காய்ஞ்ச ரத்தம்னா காய்ச்சி வடித்த நீரில் லேசா நனைச்ச பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுக்கணும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் கறையில்லாத இடத்திலும் ஒண்ணு. மகஜரில், அதாவது கைப்பற்றினதைப் போலீஸ் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கும் பத்திரத்தில், 'ரத்தக்கறை படிந்த மண், படியாத மண்'னு ரெண்டு எழுதறாங்களே, அதே கணக்குத்தான்.

தென்னைக்குச் சொட்டுநீர் விட்ட ஈர மண்ணில் செருப்புத் தடம் அச்சா விழும். முதலில் அளவுகோல் வெச்சு நேர் மேலிருந்து போட்டோ, அப்புறம் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடிச்சு இன்னும் ரெண்டு மூணு. பிறகுதான் வார்ப்பு. பல் டாக்டர்கள் அச்சு எடுக்கும் டெண்டல் ஸ்டோன் 1 கிலோவுக்குத் தண்ணி சுமார் 300 மில்லி, தோசைமாவுப் பதம். தடத்து மேலயே ஊத்தினா அச்சு கலைஞ்சிடும். ஓரத்தில் ஊத்தி உள்ளே வழிய விடணும். தூக்க அரை மணியாவது ஆகும். அன்னிக்கே மண்ணைத் தேய்ச்சுக் கழுவினா நுணுக்கக் கோடெல்லாம் போயிடும், ஒரு நாளாவது ஆறணும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 176(3) பிரிவு, 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனையுள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரணும்னு சொல்லுது. மாநிலங்கள் நடைமுறைப்படுத்த 5 ஆண்டு அவகாசம். நல்லதுதான். ஆனா கோவையிலிருந்து தடயவியல் வேன் வர்றதுக்குள்ள, பாவம்னு ஒருத்தர் தன் வேட்டியை உருவிப் பிணத்தை மூடியிருப்பார், இன்னொருத்தர் வாசல் ரத்தத்தைக் கழுவி விட்டிருப்பார். முதலில் போய் நிற்பது ஏட்டய்யாதான். அவர் ஜீப்பில் காகித உறையும் பஞ்சுக்குச்சியும், கூட்டத்தைத் தடுக்க ஒரு கயிறும் இல்லைன்னா சட்டம் என்ன பண்ணும்?

திருப்பூர் பனியன் கம்பெனி வாசல் கேமராக்களிலும் இதே கதை. கேமரா படத்தைப் பதிஞ்சு வைக்கும் டிவிஆர் பெட்டி நிறைஞ்சதும் பழைய பதிவு மேலயே எழுதிக்கும், அதனால முதல் நாளே எடுக்கணும். எடுக்கும்போது திரையில் ஓடும் நேரத்தையும் கையிலிருக்கும் போன் நேரத்தையும் ஒரே போட்டோவில் பிடிங்க. கடிகாரம் பதினஞ்சு நிமிஷம் பிந்தியிருந்தா, குற்றவாளி அப்போ டீக்கடையில் இருந்தார்னு ஆகிடும்.

மகஜரில் சாட்சியா நிற்கும் விஏஓக்களுக்கு ஒண்ணு. உறை மேல உள்ள எண்ணும் மகஜரில் உள்ள எண்ணும் ஒண்ணான்னு பார்த்துட்டு, அரக்கு முத்திரை வெச்ச பிறகு கையெழுத்துப் போடுங்க.