வாஷிங்டன் என்ற பெயர் யாருடையது?

வாஷிங்டன் என்றால் அமெரிக்கத் தலைநகரமும் முதல் ஜனாதிபதியும்தான் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்தப் பெயர் பிறந்தது வட இங்கிலாந்தில், சண்டர்லாந்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஊரில். ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் ஹ்வாஸா என்ற ஒருவரின் ஆட்கள் குடியிருந்த பண்ணை என்பதால் வந்த பெயர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்ற பிரபு தன்னுடைய ஹெர்ட்பர்ன் ஊரை டர்ஹாம் பிஷப்பிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இந்த ஊரை வாங்கிக்கொண்டார். 1183இல் பிஷப் எடுத்த நிலக் கணக்கிலேயே இந்த மாற்றல் பதிவாகியிருக்கிறது. ஊர் மாறியதும் குடும்பத்தின் பெயரும் மாறிவிட்டது. அந்த வம்சத்தில் வந்த ஜான் வாஷிங்டன் 1650களில் வர்ஜீனியாவுக்குக் கப்பலேறினார், அவருடைய கொள்ளுப்பேரன்தான் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன்.

சரி, இப்போது இந்தப் பெயரை வைத்திருப்பவர்கள் யார்? 2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கின்படி வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் சுமார் 1,63,000 பேர், அவர்களில் 90 சதவீதம் கறுப்பின மக்கள். இதைக் கேட்டதுமே "ஓ, ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைகளுடைய வாரிசுகள்" என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் கடுமையான மறுப்பு உண்டு. ஜார்ஜின் பண்ணையான மவுண்ட் வெர்னானில் 1799இல் இருந்த அடிமைகள் மொத்தமே 317 பேர், அவர்களிலும் 123 பேர்தான் அவருக்குச் சொந்தம். அடிமைகளாக இருந்தவர்கள் பலருக்கு ஏட்டில் ஒற்றைப் பெயர்தான் எழுதினார்கள், குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்தாலும் எசமானர்கள் அதை மதிக்கவில்லை. விடுதலைக்குப் பிறகு பல பேர் தங்கள் பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். பின்னாளில் புகழ்பெற்ற கறுப்பினக் கல்வியாளரான புக்கர் டி. வாஷிங்டன் சிறுவனாகப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர் இருப்பதைக் கவனித்து, ஆசிரியர் கேட்டதும் "புக்கர் வாஷிங்டன்" என்று தானே சொல்லிவிட்டார். அதை எசமானின் முத்திரை என்று எப்படிச் சொல்வது?

மவுண்ட் வெர்னானிலிருந்தே தப்பிய ஹாரி வாஷிங்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டவர், அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது பிரிட்டிஷ் பக்கம் ஓடி, இன்றைய கனடாவில் உள்ள நோவா ஸ்கோஷியா போய், அப்புறம் 1792இல் சியரா லியோனுக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை, 1800இல் காலனி நிர்வாகத்தை எதிர்த்த கலகத்தில் சேர்ந்தார். பெயரின் வரலாறு எழுதுகிறவர்கள் டர்ஹாம் பிரபுவுக்கும் ஜனாதிபதிக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்துவிட்டு, இவர்களை ஒற்றை வரியில் முடித்துவிடுவது அநியாயம். அமெரிக்காவில் அந்தப் பெயரைச் சுமந்து வாழ்கிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் கறுப்பின மக்கள், அந்த வரலாற்றில் பெரிய பங்கு அவர்களுக்கே போகவேண்டும்.