வெளிநாட்டு கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை: கையெழுத்து போடுவதற்கு முன்னால்

வெளிநாட்டு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் நிறையப் பேர், அந்த கம்பெனியில் தாங்கள் ஊழியர் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் 'இன்டிபென்டென்ட் கான்ட்ராக்டர்' என்றுதான் போட்டிருக்கும். கம்பெனி மெயில் ஐடி தருவார்கள், டீம் போட்டோவில் உங்கள் முகமும் இருக்கும், பிறந்தநாளுக்கு வாழ்த்து வரும். ஆனால் சட்டப்படி நீங்கள் தனியாகத் தொழில் நடத்துகிற ஒருவர், அவர்கள் உங்கள் வாடிக்கையாளர். மாதம் பிறந்தால் வருவது சம்பளம் அல்ல, நீங்கள் அனுப்பிய பில்லுக்கான பணம்.

இது பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு: பெரிய விஷயம்தான். இங்கே ஒரு கம்பெனியில் சேர்ந்தால் பி.எஃப்.பில் முதலாளி பங்கு 12 சதவீதம் போடுகிறார். 5 வருடம் முடித்தால் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை உண்டு. பெண்களுக்கு 2017ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு. கான்ட்ராக்டருக்கு இதில் எதுவும் கிடையாது. என் தோழி ஒருத்தி பிரசவத்துக்கு நின்ற மாதங்களில் பில் போடவில்லை, பணமும் வரவில்லை. அவள் கம்பெனியில் எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். அன்பு அவள் கணக்கில் வரவாகவில்லையே.

நான் கும்பகோணத்தில் இருந்துகொண்டு கலிபோர்னியாவில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறேன். இந்த வேலையை நான் குறை சொல்ல வரவில்லை. சென்னை வாடகை இல்லை, ஓ.எம்.ஆர். டிராஃபிக் இல்லை, அப்பாவுக்கு உடம்பு முடியாதபோது பக்கத்திலேயே இருக்க முடிந்தது. இதற்கெல்லாம் நான் உண்மையாகவே நன்றியோடு இருக்கிறேன். அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு வரவேண்டும் என்று சொல்கிறேன்.

வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போயிருந்தேன். கையில் பாஸ்புக், ஒப்பந்தம், மாதா மாதம் பணம் வந்ததற்கான சான்று எல்லாம் இருந்தது. மேனேஜர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஃபார்ம் 16 எங்க மேடம்?" என்றார். சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் முதலாளி தருகிற சான்று அது. இல்லை, நான் கான்ட்ராக்டர் என்றேன். "அப்போ நீங்க பிசினஸ். மூணு வருஷ ரிட்டர்ன் வேணும், ஆடிட்டர் கிட்ட வருமானக் கணக்கு வாங்கிட்டு வாங்க" என்று கோப்பை மூடிவிட்டார். பக்கத்து மேசையில் என்னைவிட ரொம்பக் குறைவாகச் சம்பாதிக்கிற ஒரு பையனுக்கு மூன்று மாத சம்பளச் சீட்டை வைத்து விண்ணப்பம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வங்கிகள் இதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் திடமான கருத்து. வெளிநாட்டிலிருந்து முறையாக வங்கி வழியே வந்து, வரியும் கட்டிய பணத்தைச் சந்தேகமாகப் பார்ப்பது என்ன நியாயம்?

அப்புறம் ஜி.எஸ்.டி. வெளிநாட்டுக்குத்தானே வேலை செய்கிறோம், நமக்கு எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்யத்தான் வேண்டும். மாதம் 2,000 டாலர் வந்தாலே இன்றைய மதிப்பில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். சேவை ஏற்றுமதிக்கு வரி இல்லை என்பது உண்மைதான், ஆனால் அதற்கு ஒவ்வொரு நிதியாண்டும் எல்.யு.டி. என்கிற உறுதிக் கடிதம் தாக்கல் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் 18 சதவீதம் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். பணம் வந்ததும் வங்கியிடம் வரவுச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரியில் 44ஏடிஏ என்று சொல்கிற முறை நம்மில் பலருக்கு வசதியானது. வரவு 75 லட்சத்துக்குள், பெரும்பாலும் வங்கி வழியாகவே வந்திருந்தால், பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டலாம். உங்கள் வேலை அதில் சேருமா என்பதை ஒரு நல்ல ஆடிட்டரிடம் கேளுங்கள், யூடியூபில் கேட்காதீர்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கலிபோர்னியாவில் காலை 10 மணி மீட்டிங் என்றால் இங்கே இரவு 10:30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், நமக்கு அது 11:30 ஆகிவிடும். மார்ச் வரை அப்படித்தான். பேசி முடித்துத் தூங்க இரண்டு மணி. காலை ஏழுக்குப் பால்காரர், எட்டுக்கு சிலிண்டர், பதினொன்றுக்கு மாமியாரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போவது. "நீதான் வீட்டுல இருக்கியே" என்ற ஒரே வார்த்தையில் எல்லாம் நம் தலையில் வந்துவிடும். ஆபீஸ் போகிற பெண்ணை அந்த நேரத்தில் யாரும் கூப்பிடுவதில்லை. இரவு வேலை பார்க்கிறவளுக்குப் பகல்தான் இரவு என்பதை வீட்டில் உள்ளவர்கள், முக்கியமாக ஆண்கள், புரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் டீமில் லிஸ்பனில் ஒருவர் இருக்கிறார். அங்கே கம்பெனிக்கு அலுவலகம் இருப்பதால் அவர் முறையான ஊழியர். வேலை நேரம் முடிந்த பிறகு ஊழியரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று போர்ச்சுகலில் 2021லேயே சட்டம் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவிலும் 2024ல் இதுபோல ஓர் உரிமை வந்தது. லிஸ்பன்காரருக்கு ராத்திரி யாரும் மெசேஜ் போடுவதில்லை. எனக்குப் போடுகிறார்கள். ஒரே டீம், ஒரே மேனேஜர். அவருக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில், இ.ஓ.ஆர். (எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்ட்) வழியாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். இந்தியாவில் பதிவான ஒரு நிறுவனம் உங்களைத் தன் ஊழியராக வைத்துக்கொள்ளும். பி.எஃப்., ஃபார்ம் 16 எல்லாம் அங்கிருந்து வரும், கம்பெனி அவர்களுக்கு மாதக் கட்டணம் கொடுக்கும். மறுத்தால், விலையைக் கூட்டிக் கேளுங்கள். அந்த டாலரை ரூபாயாகப் பெருக்கி, இங்குள்ள சம்பளத்தோடு நேராக ஒப்பிட்டுப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். பி.எஃப்., மருத்துவக் காப்பீடு, சம்பளத்தோடு கூடிய விடுப்பு, ஆடிட்டர் செலவு, இன்வெர்ட்டர், இரண்டாவது இணைய இணைப்பு எல்லாம் இனி உங்கள் செலவு. உள்ளூர் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இல்லையென்றால் நான் போகமாட்டேன். நோட்டீஸ் காலத்தை எழுத்தில் வாங்குங்கள். வழக்கு என்று வந்தால் கலிபோர்னியா நீதிமன்றத்துக்கா போகப் போகிறோம்?

என் சித்தி பையனுக்குப் போன மாதம் இப்படி ஒரு ஆஃபர் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். 30 நாள் நோட்டீஸுக்கு ஒத்துக்கொண்டார்கள், பணம் அனுப்பும் கட்டணமும் அவர்களுடையது என்று எழுதிக் கொடுத்தார்கள். இ.ஓ.ஆர். முடியாது என்றார்கள். சரி, அதற்குத் தொகையை ஏற்றித் தாருங்கள் என்று எழுதியிருக்கிறான். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.