நெல்லையிலேயே மனு போடலாம்
தொலைபேசி நிறுவனத்தின் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது பழைய கதை. 2009ல் உச்ச நீதிமன்றம் தந்திச் சட்டத்தைக் காட்டி அப்படிச் சொன்னது சரிதான்; ஆனால் 2022 பிப்ரவரியில் வோடபோன் ஐடியா வழக்கில் அதே நீதிமன்றம் தாராளமாகப் போகலாம் என்றுவிட்டது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ‘கேஸ் போட மும்பைக்கா போகணும்?’ என்கிறார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டமே போதும்; அம்பாசமுத்திரத்துக்காரர் திருநெல்வேலியில் மனு கொடுக்கலாம். பொருளுக்கோ சேவைக்கோ நாம் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. எங்கள் வீட்டு லேண்ட்லைனை ஒப்படைத்த பிறகும் பில் வந்துகொண்டே இருந்தது (செத்த போனுக்கு வாடகை!). புகார் எண், ஒப்படைத்த ரசீது நகல் எல்லாம் வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். ஆணையம் வரை போகும் வேலையே வரவில்லை, பில்லை ரத்து செய்துவிட்டார்கள்.