சத்தத்தைக் கூட்டினால் சிலிர்ப்பு வராது

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் முடிவெட்டும் கடையில் கத்தரிக்கோல் காதோரம் சிக்சிக்கென்று ஓடும்போது, உச்சந்தலையில் கூசத் தொடங்கிப் பிடரி வழியே முதுகில் இறங்குமே, அதன் பெயர்தான் ஏஎஸ்எம்ஆர் (ASMR). அதை வரவழைக்கவே கிசுகிசுப்பையும் மெல்லிய ஒலிகளையும் பதிவு செய்து இணையத்தில் காணொளிகளாகப் போடுகிறார்கள். பெயர் மட்டும்தான் புதிது, 2010-இல் ஜெனிஃபர் ஆலன் என்பவர் வைத்தது.

இந்தக் காணொளிகளை ஆபாசம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2015-இல் வெளிவந்த சுவான்சீ பல்கலைக்கழக ஆய்வில் 475 பேரைக் கேட்டார்கள். தூங்குவதற்காகப் பார்க்கிறோம் என்றவர்கள் 82%. பாலுணர்வுக்காக என்றவர்கள் 5%.

"நானும் கேட்டுப் பார்த்தேன், ஒன்றுமே ஆகவில்லை" என்பவர்களில் பலர் கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேட்டவர்கள். பல காணொளிகளில் இடக்காதுக்கு ஒன்று, வலக்காதுக்கு ஒன்று என இரண்டு மைக்கில் பதிவு செய்கிறார்கள். ஸ்பீக்கரில் இரண்டும் கலந்துவிடும். இயர்போன் கட்டாயம், அதுவும் இடம் வலம் மாறாமல். கிசுகிசுப்பு புரிந்தும் புரியாமலும் இருக்கும் அளவே சரியான அளவு. நம் ஊர்ப் புழுக்கத்தில் மின்விசிறி சுழலும்; அதை மிஞ்சச் சத்தத்தைக் கூட்டினால் எச்சில் ஒலியெல்லாம் பெரிதாகி எரிச்சல்தான் மிஞ்சும். விசிறியைக் கால்மாட்டுக்குத் தள்ளுங்கள். நடுவில் விளம்பரம் அலறாதபடி முன்கூட்டியே தரவிறக்கி, முப்பது நிமிடத்தில் தானாக நிற்கும்படி வையுங்கள்.

தகரக் கூரையில் மழை கொட்டும் ஒலியை இதோடு சேர்க்காதீர்கள். அது மற்ற சத்தங்களை மூடித் தூங்க வைக்கிறது, அவ்வளவே.

சிலிர்ப்பு வருகிறவர்களுக்கு அப்போது இதயத்துடிப்பு நிமிடத்துக்குச் சராசரியாக 3 குறைந்ததை ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தார் 2018-இல் அளந்து சொன்னார்கள். கூடவே தோலின் மின்கடத்தும் திறன் ஏறியது, அது கிளர்ச்சியின் அடையாளம். அமைதியும் கிளர்ச்சியும் ஒன்றாக வருவதுதான் இதன் விசித்திரம். சிலருக்கு இது வரவே வராது, குறையொன்றுமில்லை. மெல்லும் ஒலி கேட்டதும் கோபம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், பழகினால் சரியாகிவிடும் என்பது வீண் பிடிவாதம். தினமும் கேட்டு மழுங்கிவிட்டதென்றால் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள்.

தமிழில் பதிவு செய்வோர் இன்னும் குறைவு. சரசர, மொறுமொறு, கிசுகிசு என்று இரட்டைக்கிளவி வைத்திருக்கும் மொழிக்கு இது அநியாயம்! பூச்சரம் தொடுக்கும் ஒலியே போதும். ஏர்கோனை அணைத்து, வாகன இரைச்சல் அடங்கிய பின்னிரவில் மைக்கை ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். நேராகப் பேசினால் 'ப' ஒவ்வொன்றும் வெடிக்கும், சற்றுப் பக்கவாட்டில் பேசுங்கள். பிறகு இரைச்சல் நீக்கும் மென்பொருளை அளவோடு போடுங்கள். அதிகமானால் நார் இழுபடும் அந்த மெல்லிய ஒலியும் சேர்ந்தே போய்விடும்.