சோல் என்றால் செருப்பு இல்லை, அத்தை

அத்தை: சோல் லேபிள் ஆரம்பிக்கப் போகிறாயா? செருப்புக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டினால் நாலு நாளில் தேய்ந்துபோகும். இதற்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாக்கும்.

குமார்: செருப்பு இல்லை அத்தை. சோல் என்பது பாட்டு, கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து வளர்ந்தது. லேபிள் என்றால் இசைத்தட்டுக் கம்பெனி. அமெரிக்காவில் மெம்ஃபிஸ் ஊரில் ஸ்டாக்ஸ் என்று ஒன்று இருந்தது. அது மாதிரி.

அத்தை: இருந்ததா, இருக்கிறதா?

குமார்: முழுக்கக் கேளுங்கள். 1957-இல் ஜிம் ஸ்டூவர்ட் ஆரம்பித்தார். பேங்கில் வேலை, ஓய்வில் ஃபிடில்.

அத்தை: நம்ம ஆளா! (நிமிர்ந்து உட்காருகிறார்.) முதல் போட்டது யார்?

குமார்: அக்கா, எஸ்டெல் ஆக்ஸ்டன். ரெக்கார்டிங் மிஷின் வாங்க வீட்டை அடமானம் வைத்தார். ஸ்டூவர்ட்டில் பாதி, ஆக்ஸ்டனில் பாதி. ஸ்டாக்ஸ்!

அத்தை: வீடு அக்காவுடையது, பெயரில் முன்னால் தம்பி.

குமார்: ‘ஆக்ஸ்ட்’ என்றால் நன்றாகவா இருக்கும்?

அத்தை: உன் அப்பா கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைப் போடச் சொன்னபோதும் இதையேதான் சொன்னார்கள். சரி, மேலே சொல்.

குமார்: ஓடாத சினிமா தியேட்டரை ஸ்டுடியோ ஆக்கினார்கள். பாப்கார்ன் விற்ற இடத்தில் அக்கா இசைத்தட்டுக் கடை போட்டார். தெருப் பிள்ளைகள் எதை வாங்குகிறார்கள் என்று பார்த்து உள்ளே சொல்வார். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியாத ஊரில், சேர்ந்து வாசித்தார்கள். பெரிய சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் பாடியதும் அங்கேதான்.

அத்தை: கல்லாவும் அக்காதான். அப்புறம் எப்படிக் கவிழ்ந்தது?

குமார்: தட்டுகளை நாடு முழுக்க விற்றது அட்லாண்டிக் கம்பெனி. 1965-இல் ஒப்பந்தம் எழுதினார்கள்.

அத்தை: படித்துப் பார்த்தாரா?

குமார்: ...ஸ்டூவர்ட் நம்பிக் கையெழுத்துப் போட்டார். 1967-இல் அட்லாண்டிக்கை வார்னர் கம்பெனி வாங்கியது. அந்த டிசம்பரில் விமான விபத்தில் ரெடிங் போய்விட்டார். 1968-இல் பார்த்தால், அதுவரை அவர்கள் விற்றுக்கொடுத்த பாட்டெல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தமாம்.

அத்தை: பேங்க்காரர்! முப்பத்திரண்டு வருடம் கவுண்டரில் இருந்தேன். வருகிறவர்கள் எல்லாம் “எங்கே போடணும்?” என்றுதான் கேட்பார்கள். “என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டவர் ஒரே ஒருவர். அவரும் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவர்.

குமார்: ஆனால் எழுந்தார்கள் அத்தை! 1969-இல் ஒரே மூச்சில் 27 ஆல்பம். 1972-இல் லாஸ் ஏஞ்சலஸ் மைதானத்தில் ஒரு டாலர் டிக்கெட்டில் கச்சேரி, லட்சம் பேர். அதே வருடம் விற்பனைக்கு சிபிஎஸ் கம்பெனியோடு புது ஒப்பந்தம்...

அத்தை: படித்துப் பார்த்தார்களா?

குமார்: அத்தை! தட்டு கடைக்குப் போய்ச் சேரவில்லை, கடன் ஏறியது. 1975 டிசம்பரில் திவால். தள்ளிவிட்டதே ஒரு பேங்க்தான்.

அத்தை: பேங்க்கைச் சொல்லாதே. கடன் கடன்தான்.

குமார்: ஸ்டூவர்ட்டின் வீடும் போயிற்று.

அத்தை: அக்கா?

குமார்: அவர் 1969-லேயே விலகிவிட்டார். பிறகு தனியாக ஒரு சின்ன லேபிள். அதில் வந்த ஒரு வாத்துப் பாட்டைப் பெரிய கம்பெனி வாங்கிப் போட, 1976-இல் அமெரிக்காவில் நம்பர் ஒன்.

அத்தை: வாத்தா?

குமார்: வாத்துதான்.

அத்தை: படித்துப் பார்த்துவிட்டு விற்றிருப்பாள். சரி, அந்தப் பத்திரத்தைக் கொடு. எத்தனை பக்கம்?

குமார்: பதினாலு. நீங்கள் கடைசிப் பக்கம் போனால் போதும், பென்சிலில் டிக் அடித்து வைத்திருக்கிறார்கள்.

அத்தை: மற்ற பதின்மூன்றில் என்ன இருக்கிறது?

குமார்: கண்ணாடி எடுத்து வரவில்லை அத்தை.

அத்தை: உனக்கு ஏதுடா கண்ணாடி?