ராத்திரி மூன்று மணிக்கு ஹீட்டர் நின்றது

போன நவம்பர் விடுமுறைக்கு ஹூஸ்டனிலிருந்து கிட்டத்தட்டப் பத்து மணி நேரம், படுக்கை, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும் எங்கள் கேம்பிங் ட்ரெய்லரை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போனோம். காட்டன்வுட் கேம்ப்கிரவுண்டில் இடம் கிடைத்தது. அங்கே கரண்ட் இணைப்பு கிடையாது, ஜெனரேட்டர் ஓட்டவும் அனுமதி இல்லை. அதற்காகத்தானே முன்கூட்டியே 2000 வாட் இன்வெர்ட்டர் வாங்கி, கடையில் கொடுத்து, மாட்டிக்கொடுக்கக் கூலி மட்டும் 900 டாலர் அழுதேன்!

ராத்திரி மூன்று மணிக்கு ஹீட்டர் ஃபேன் நின்றுவிட்டது. இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்துகிறது. தரையோரம் இருக்கும் கேஸ் டிடெக்டரும் கூடச் சேர்ந்துகொண்டது. ஆறு வயது மகள் போர்வைக்குள் சுருண்டு, "அப்பா, கால் குளிருது" என்கிறாள். சிலிண்டர் நிறைய கேஸ் இருக்கிறது. ஆனால் சூட்டை ஊதித் தள்ளும் ஃபேனுக்கு 12 வோல்ட் வேண்டுமே! சாயங்காலம் முழுசாக சார்ஜ் ஆகியிருந்த பேட்டரி சுத்தமாகக் காலி. அவளைத் தூக்கிவந்து எங்கள் கட்டிலில், எங்கள் நடுவே படுக்கவைத்தோம்.

ஏன் காலியானது என்று சொல்லும்போது இப்போதும் ரத்தம் கொதிக்கிறது. நம்ம ஊர் வீட்டு இன்வெர்ட்டரில் சார்ஜரும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். கரண்ட் போனதும் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, பேட்டரியிலிருந்து கொடுக்க ஆரம்பிக்கும். ட்ரெய்லரில் அப்படி இல்லை. சார்ஜ் ஏற்ற கன்வெர்ட்டர் என்று தனியாக ஒன்று வண்டியோடு வரும். அமெரிக்க வீட்டுக் கரண்டான 120 வோல்ட் கிடைத்தால் போதும், எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் அது பார்க்காது, பேட்டரிக்கு ஏற்றத் தொடங்கிவிடும். கடைக்காரர் இன்வெர்ட்டர் அவுட்புட்டை, கன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக்கொடுக்கும் மெயின் பேனலில் அப்படியே கொடுத்துவிட்டார். ஆக, பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர், அங்கிருந்து கன்வெர்ட்டர், அங்கிருந்து மறுபடியும் அதே பேட்டரி! கிணற்றில் இறைத்த தண்ணீரை அதே கிணற்றில் ஊற்றுகிற கதை. ஒவ்வொரு வாளியிலும் கால்வாசி வழியிலேயே சிந்திவிடும். போதாததற்கு, கேஸ், கரண்ட் இரண்டிலும் ஓடுகிற, ஆட்டோ மோடில் வைத்திருந்த ஃபிரிட்ஜ் கரண்ட் வந்துவிட்டது என்று கேஸை அணைத்துவிட்டு 300 வாட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தது. அது ஒன்றுக்கே பேட்டரியிலிருந்து 30 ஆம்ப் போகும்.

பிளக் பாயிண்டுகளுக்கு மட்டும் ஒரு சின்ன சப் பேனல், நடுவில் வெளிக் கரண்டா, இன்வெர்ட்டரா என்று மாற்றிவிடும் ஒரு டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச், கன்வெர்ட்டர் இன்வெர்ட்டர் பக்கமே வரக்கூடாது. இவ்வளவுதான் வேலை. இதைச் செய்யாமல் எதற்கு 900 டாலர்?

ஃபோன் செய்து கேட்டால், "கன்வெர்ட்டர் பிரேக்கரை நீங்கள்தான் அணைத்திருக்க வேண்டும்" என்கிறார். வண்டியை எடுக்க வந்த அன்றைக்கு வாயைத் திறந்தாரா? பேனலில் ஒரு துண்டுச் சீட்டாவது ஒட்டினாரா?

சரி, குளிரோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து ட்ரெய்லருக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கிவிட்டது. 2000 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க, நஷ்டத்தையும் சேர்த்து 190 ஆம்ப் வரை ஓடும். அதற்குக் கட்டைவிரல் பருமனில் செம்பு கேபிள் போட வேண்டும். இவர் போட்டிருந்தது இன்வெர்ட்டர் டப்பாவோடு வந்த ஒயர். மேல்தோல் என்னவோ தடியாகத்தான் இருக்கிறது. நறுக்கிப் பார்த்தேன், உள்ளே செம்பு பூசிய அலுமினியம்! பால் சுடவைக்க மைக்ரோவேவ் போட்டபோதெல்லாம் இன்வெர்ட்டர் கத்தியது இதனால்தான்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஃபியூஸை எங்கே வைத்திருந்தார் தெரியுமா? பேட்டரி ட்ரெய்லரின் முன்மூக்கில் இருக்கிறது. ஃபியூஸோ எட்டடி தள்ளி, உள்ளே எங்கள் கட்டிலுக்கு அடியில், இன்வெர்ட்டர் பக்கத்தில்! ஃபியூஸ் தனக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஒயரைத்தான் காப்பாற்றும். பேட்டரியிலிருந்து அதுவரை வரும் எட்டடிக்குக் காவலே கிடையாது. அந்த ஒயர் இரும்புச் சட்டத்தில் துளைத்த ஓட்டை வழியாகப் போகிறது. ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம்கூட இல்லை. போகவர இருபது மணி நேர அதிர்வில் தோல் உராய்ந்து, நக அகலத்துக்கு உலோகம் தெரியத் தொடங்கியிருந்தது. ஓடுவது பாசிட்டிவ், அது தொடவிருந்த சட்டம் நெகட்டிவ். சுவரெல்லாம் பிளைவுட்டும் தெர்மாகோலும். அந்த ஒயருக்கு நேர் மேலேதான் அன்றைக்கு ராத்திரி என் மகளைப் படுக்கவைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, இரண்டு வார இறுதிகளில் நானே முதலிலிருந்து மாட்டினேன். ஃபியூஸ் இப்போது பேட்டரியை ஒட்டி இருக்கிறது. தோல் உரிந்த ஒயர்த்துண்டை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கடை மேசைமேல் வைத்தேன். "அடுத்த சர்வீஸில் தள்ளுபடி தருகிறோம்" என்றார்கள். எனக்குத் தள்ளுபடி வேண்டாம். இதே ஆள் இதே மாதிரி மாட்டிக்கொடுத்த மற்ற ட்ரெய்லர்க்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். மூன்று வாரம் ஆகிறது. யாரையாவது கூப்பிட்டீர்களா என்று நேற்றும் கேட்டேன். மேனேஜர் இல்லை என்றார்கள்.